மலாவி ஏரியின் பாறைச் சிக்லிட்களுக்கு வீட்டில் ஆறடித் தொட்டி அமைக்கும் முறை

நம் ஏரிகளில் வலை வீசினால் சிக்கும் ஜிலேபிக் கெண்டை, கேரளத்தார் வாழையிலையில் வைத்துப் பொரிக்கும் கரிமீன், கண்ணாடித் தொட்டிகளில் பார்த்துப் பழகிய ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ், நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன் ஆகிய அனைத்தும் சிக்லிட் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குடும்பம் ஒன்றாயினும் அவற்றின் தேவைகள் வெவ்வேறு. அமேசான் பகுதியிலிருந்து வந்த டிஸ்கஸ் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட, வெதுவெதுப்பான நீரை நாடும். ஆப்பிரிக்கப் பேரேரிகளின் மீன்கள் காரத்தன்மை கொண்ட நீரில்தான் நலமாக இருக்கும். எனவே பெரிய தொட்டி ஒன்றை அமைக்க நினைப்பவர் எந்த நீர்நிலையின் மீன்களை வளர்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். இக்கட்டுரை மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் ம்பூனா மீன்களுக்கான தொட்டியைப் பற்றியது.

மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு இடையே ஏறத்தாழ 29,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் அந்த ஏரியின் ஆழம் சில இடங்களில் 700 மீட்டரைத் தொடுகிறது. உலகில் வேறெங்கும் இல்லாத பல நூறு சிக்லிட் இனங்கள் அதில் தோன்றியுள்ளன. அவற்றில் ம்பூனா என்று அழைக்கப்படும் கூட்டம் கரையோரப் பாறைகளை விட்டு அதிகம் விலகாமல், பாறையின் மீது படரும் பாசியையும் அதில் ஒளிந்திருக்கும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்று வாழ்கிறது. நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று கடல் மீன்களுக்கு நிகரான நிறங்களை நன்னீரிலேயே காண விரும்புபவருக்கு இவற்றைவிடப் பொருத்தமான மீன்கள் இல்லை என்பேன். அவ்வேரியின் நீர் காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 7.7 முதல் 8.6 வரை இருக்கும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரும் இயல்பாகவே காரத்தன்மையும் கடினத்தன்மையும் கொண்டதாக இருப்பதால், டிஸ்கஸ் வளர்ப்பவர் தண்ணீரோடு படும் பாடு ம்பூனா வளர்ப்பவருக்குப் பெரும்பாலும் இல்லை.

வேலைகளின் வரிசையில் மீன் வாங்குவது கடைசியில்தான் வர வேண்டும். தொட்டி வந்த அன்று மாலையே மீனையும் வாங்கி விடுபவர்களே மிகுதி. அம்மீன்களில் பாதி ஒரு மாதத்தைத் தாண்டுவதில்லை. தரை, கண்ணாடி, வடிகட்டி, கல், நீர், நுண்ணுயிர் ஆகிய ஆறும் ஒழுங்காக அமைவதற்கு இரண்டு மாதம் வரை ஆகலாம் என்று தொடக்கத்திலேயே மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்வது நல்லது.

எடையும் இடமும்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டியையே பரிந்துரைக்கிறேன். அதன் வெளிக் கொள்ளளவு 680 லிட்டர். கண்ணாடியின் கனம், மேலே விடும் இடைவெளி, கற்கள் அடைக்கும் இடம் ஆகியவற்றைக் கழித்தால் தொட்டிக்குள் 520 லிட்டர் அளவு நீர் நிற்கும். அடியில் வைக்கும் சம்ப் எனப்படும் வடிகட்டித் தொட்டியையும் சேர்த்தால் மொத்தம் 600 லிட்டர் என்று கொள்ளலாம். நான்கடித் தொட்டியிலும் ம்பூனா வளர்க்கலாம் எனினும், ஆதிக்கம் செலுத்தும் ஆண் மீன் ஒன்று துரத்தத் தொடங்கினால், துரத்தப்படும் மீன் அதன் கண்ணில் படாமல் ஒதுங்குவதற்கு நீளம் தேவை. உயரத்தை இரண்டடிக்கு மேல் கொண்டுபோவதில் மீனுக்குப் பயன் குறைவு. சுத்தம் செய்யும் கை அடிமட்டத்தை எட்டாது என்பதே மிச்சம்.

12 மி.மீ. கண்ணாடியில் செய்த இந்தத் தொட்டி வெறுமையாகவே 120 கிலோவுக்கு மேல் இருக்கும். அதனுடன் நீர், நூறு கிலோ கல், ஐம்பது கிலோ மணல், நீர் நிறைந்த சம்ப், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேரும்போது மொத்த எடை ஏறத்தாழ ஒரு டன்னை எட்டும். இந்த ஒரு டன் பன்னிரண்டு சதுர அடித் தரையில் இறங்குகிறது. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 850 கிலோவுக்கு மேல். வீடுகளின் அறைத் தளங்கள் இந்தியத் தரநிர்ணய விதிகளின்படி ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைக் கணக்கில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. அந்தக் கணக்கு தளம் முழுவதும் பரவிய சுமைக்கானது என்பதால், உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வைத்தால் மாடியிலும் தாங்கக்கூடும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் கட்டடப் பொறியாளரே அன்றித் தொட்டி விற்பவர் அல்லர். தரைத்தளம் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. நேரடி வெயில் விழும் சன்னலோரத்தையும் தவிர்க்க வேண்டும். பாசி ஒரு புறமிருக்க, நம் கோடையில் நீரின் வெப்பம் ஏறுவதே பெரிய சிக்கல்.

ஸ்டாண்டை இரண்டு அங்குலச் சதுர இரும்புக் குழாயில், நடுவிலும் கால்கள் வரும்படி பற்றவைத்து, துருத்தடுப்புப் பூச்சு இரு முறை அடித்துக்கொள்ள வேண்டும். அதன் மேல் 18 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட், அதன் மேல் ஓர் அங்குலத் தெர்மோகோல், அதன் மேல் தொட்டி என்பது வரிசை. ஸ்டாண்டை இடத்தில் வைத்ததும் ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மட்டம் பார்க்க வேண்டும். நீர் நிரப்பிய பிறகு மட்டம் தவறியது தெரிந்தால் முழுவதையும் இறைத்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும். சிலிகான் பூசி ஒரு வாரம் உலர்ந்த பின்னர், மீன் வைக்கப் போகும் இடத்திற்குக் கொண்டுவருவதற்கு முன்பே வெளியில் நிரப்பி மூன்று நாள் கசிவு பார்ப்பது பாதுகாப்பானது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிகான் மீனுக்கு நஞ்சு. தொட்டி செய்பவரிடம் அதைப் பற்றிக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

சம்ப் வடிகட்டி

ம்பூனா மீன்களை நெருக்கமாக வைத்துத்தான் வளர்க்க வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். நெருக்கம் என்றால் கழிவும் மிகுதி. எனவே தொட்டி நீர் முழுவதும் ஒரு மணி நேரத்தில் குறைந்தது எட்டு முறை வடிகட்டி வழியாகச் சுழல வேண்டும். 600 லிட்டருக்கு அது மணிக்கு 5,000 லிட்டர் அளவாகும். பம்ப்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் உயரம் ஏற்றாத நிலையில் அளந்தது. சம்ப்பிலிருந்து நான்கைந்து அடி மேலேற்றும்போது அது வெகுவாகக் குறையும் என்பதால் 7,000 அல்லது 8,000 லிட்டர் திறன் கொண்ட பம்ப்பை வாங்குவது சரி. அது 80 வாட் எடுத்தால் மாதம் 58 யூனிட் செலவாகும். நம் மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால் ஒவ்வொரு கட்டணச் சீட்டிலும் 115 யூனிட் இதற்கென்றே கூடும். டி.சி. பம்ப்புகள் விலை கூடியவை. ஆனால் மின்சாரத்தைக் கணிசமாக மிச்சப்படுத்தும்.

மூடிய உருளைக்குள் நீரை வடிகட்டும் கேனிஸ்டர் ஃபில்டர் இரண்டு வைத்தும் இந்தத் தொட்டியை நடத்தலாம். எனினும் பெரிய தொட்டிக்குச் சம்ப்பே மேல் என்பது என் முடிவு. நீர் விழும்போது காற்று கலக்கிறது, ஆவியாகிக் குறையும் நீர் சம்ப்பில் மட்டுமே குறைவதால் மேல் தொட்டியின் மட்டம் மாறுவதில்லை, வடிகட்டும் பொருட்களை நனைந்த கையோடு குனிந்து கழுவிவிடலாம். முதல் அறையில் அழுக்கைப் பிடிக்கும் பஞ்சு, அடுத்ததில் முரட்டு ஃபோம், அதற்கடுத்துச் செராமிக் வளையங்கள், கடைசியில் பம்ப் என்ற அமைப்பு போதும். பஞ்சு வாரந்தோறும் மாற்றப்பட வேண்டியது. செராமிக்கை மட்டும் குழாய் நீரில் கழுவவே கூடாது. அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைக் குளோரின் கொன்றுவிடும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் நிற்கும் நேரத்தை எண்ணியே சம்ப்பின் நீர்மட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். பம்ப் நின்றதும், மேல் தொட்டியின் நீர் சம்ப்புக்கு வழிந்திறங்கும் வழிவாயின் விளிம்புக்கு மேலிருக்கும் நீர் எல்லாம் கீழே இறங்கிவிடும். ஆறடிக்கு இரண்டடித் தொட்டியில் இரண்டு செ.மீ. உயரம் என்பதே 22 லிட்டர். அத்துடன், மேலேறும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால் அது பின்னோக்கி உறிஞ்சத் தொடங்கிக் கூடத்தையே நனைத்துவிடும். நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே அக்குழாயில் ஒரு சிறு துளையிட்டால் மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். அத்துளையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிட வேண்டும். எல்லாம் இணைத்த பின்னர் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்திச் சம்ப் வழிகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

இந்தத் தொட்டிக்கு மின்சாரம் செல்லும் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்க வேண்டும், நல்ல எர்த் இருக்க வேண்டும். ஒயர்கள் பிளக்கை அடையும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறினால், ஒயரில் வழியும் நீர் பிளக்கை அடையாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கல்லும் மணலும்

இத்தொட்டியின் உயிர்நாடி கற்களே. ஒவ்வொரு ஆண் மீனும் ஒரு குகையைத் தன்னுடையதாக வரித்துக்கொள்ளும். பெண் மீன்களுக்கும் குஞ்சுகளுக்கும் பொந்துகள்தான் அடைக்கலம். அழகுக்காக நடுவில் நான்கு கல்லை வைத்து நிறுத்திக்கொண்டால் அந்த நான்கு கல்லுக்காகவே சண்டை நடக்கும். பின்புறத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை கற்களை அடுக்கி, முன்புறத்தில் நீந்துவதற்குத் திறந்த இடம் விட வேண்டும். ஒரே குன்றாக அடுக்காமல் இரண்டு அல்லது மூன்று குவியல்களாகப் பிரித்து, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்றின் பின்புறம் தெரியாதபடி அமைப்பது சண்டையைக் குறைக்கும்.

கருங்கல் நமக்கு எங்கும் கிடைக்கிறது. நீரில் எதையும் கரைக்காது. குவாரி உடைகல்லின் கூர்மையான முனைகள் மீனின் செதிலைக் கிழிக்கும் என்பதால் ஆற்றுப் படுகையில் உருண்டு வழவழப்பான கற்களோ, முனை மழுக்கிய கற்களோ நல்லவை. சுண்ணாம்புக்கல்லும் இந்த மீன்களுக்கு ஏற்றதே. அது மெல்லக் கரைந்து காரத்தன்மையைத் தாங்கும். கல்லின் மீது சில துளி வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தால் அது சுண்ணாம்புக்கல்லா என்பது தெரிந்துவிடும். உலோகக் கீற்று மின்னும் கற்களையும், துருநிறம் வடியும் கற்களையும் ஒதுக்கிவிட வேண்டும். பவளப் பாறைத் துண்டுகளைப் பலர் இதற்குப் பரிந்துரைப்பதுண்டு. இந்தியாவில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை என்பதால் அந்தப் பேச்சையே விட்டுவிடலாம். சுண்ணாம்புக்காகச் சுடும் கிளிஞ்சலை வாங்கி நன்றாகக் கழுவி, ஒரு வலைப்பையில் கட்டிச் சம்ப்பில் போட்டால் அதே பயன் கிடைக்கும்.

முதலில் கல், பிறகே மணல் என்ற வரிசையை மாற்றக் கூடாது. ம்பூனா மீன்கள் ஓயாமல் மணலைத் தோண்டுபவை. மணலின் மேல் வைத்த கல்லின் அடியில் அவை தோண்டினால் கல் சரிந்து, மீன் நசுங்கும், அல்லது கண்ணாடி விரியும். தொட்டியின் அடிக்கண்ணாடி மீது ஒரு மெல்லிய ஃபோம் அல்லது பிளாஸ்டிக் கட்டத் தட்டை விரித்து, பெரிய கற்களை அதன் மேல் நேராக உட்காரவைத்து, ஒவ்வொரு கல்லும் மூன்று புள்ளிகளில் தாங்கி நிற்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்து, ஐயமிருந்தால் சிலிகானால் ஒட்டி, அதன் பிறகுதான் சுற்றிலும் மணலைக் கொட்ட வேண்டும். கற்கள் பின் கண்ணாடியை முட்டாமல் நான்கு விரற்கிடை விட்டால் நீரோட்டம் பின்புறமும் சென்று கழிவைத் தள்ளிக்கொண்டு வரும்.

மணல் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை போதும். நீச்சல்குள வடிகட்டிகளுக்கு விற்கும் சிலிக்கா மணல் சீரானது, எளிதில் சுத்தமாகும். கட்டுமானத்திற்கான எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது. அதன் கூர்மை மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே துப்பும் மீன்களுக்கு ஆகாது. செடிகள் பெரும்பாலும் வேண்டாம். வேர்களைப் பிடுங்கி எறிவதும் இலைகளைத் தின்பதும் இவற்றின் இயல்பு. கல்லில் கட்டி வைக்கும் அனுபியாஸ் மட்டும் சில தொட்டிகளில் பிழைத்துக்கொள்கிறது.

தண்ணீரைப் புரிந்துகொள்ளுதல்

நீரைப் பற்றிப் பேசும்போது, அதில் கரைந்துள்ள பொருட்களின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றில் டி.டி.எஸ். 1,500 என்று காட்டினால், அதில் பெரும்பகுதி சாதாரண உப்பாகவே இருக்கலாம். மீன்களுக்கு வேண்டியதோ பைகார்பனேட், கால்சியம், மெக்னீசியம் ஆகியவை. மலாவி ஏரியின் நீர் உண்மையில் உப்பு குறைந்தது. இங்கே பண்ணைகளில் பிறந்து வளர்ந்த மீன்கள் அதைவிட அதிகமான டி.டி.எஸ்.ஸைத் தாங்கும், எனினும் 1,000-க்கு மேற்பட்ட நீரை ஆர்.ஓ. நீரோ மழைநீரோ கலந்து பாதியாக்கிக்கொள்வதையே விரும்புவேன். துளி மருந்து விட்டுப் பார்க்கும் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, பிஎச், கார்பனேட் கடினத்தன்மை, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய ஐந்தையும் வீட்டிலேயே பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

மாறாக, கோயம்புத்தூரின் சிறுவாணி நீர் போன்ற மென்மையான நீர் வரும் ஊர்களில் கார்பனேட்டைச் சேர்த்தாக வேண்டும். காரணம் இது: மீனின் கழிவிலுள்ள அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது, ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான காரத்தன்மை செலவாகிறது. இருப்பு குறைவான நீரில் அது தீர்ந்ததும் பிஎச் திடீரென்று சரியும். சமையல் சோடா இதற்கு மலிவான தீர்வு. நூறு லிட்டர் நீரில் மூன்று கிராம் சமையல் சோடாவைக் கரைத்தால் கார்பனேட் கடினத்தன்மை ஒரு டிகிரி, அதாவது லிட்டருக்கு 18 மில்லிகிராம் அளவு உயரும். ஆறு முதல் எட்டு டிகிரிக்குள் நிறுத்தினால் பிஎச் தானாகவே 8-ஐ ஒட்டி நிலைத்துவிடும். கால்சியமும் மெக்னீசியமும் தரும் பொதுக் கடினத்தன்மைக்குச் சிறிது எப்சம் உப்பைச் சேர்க்கலாம். ஒரே நாளில் உயர்த்தாமல் படிப்படியாக உயர்த்த வேண்டும். எண்ணைவிட அது அசையாமல் நிற்பதே மீனுக்கு முக்கியம்.

மாநகராட்சி நீரில் குளோரின் இருக்கும். திறந்த டிரம்மில் ஒரு நாள் காற்றுக் குமிழி ஓட்டினால் அது வெளியேறிவிடும். அவசரமென்றால் கடைகளில் ஆன்ட்டி குளோரின் என்று கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகத்தைக் கரைத்து விடலாம். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் படிகம் என்பது தாராளமான கணக்கு.

மீனில்லாத ஆறு வாரங்கள்

கல், மணல், நீர் எல்லாம் தயாராகி விளக்கும் எரியும் இந்தக் கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். மீன் வெளியிடும் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், அதை வேறு வகை நுண்ணுயிர்கள் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவ்விரண்டும் இல்லை. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். மலாவி தொட்டியில் இதைத் தவிர்க்க முடியாமைக்குத் தனிக் காரணம் உண்டு. அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அயனியான வடிவம் அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. அயனியாகாத வடிவமே செவுளை எரிக்கும் நஞ்சு. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டும். பிஎச் 8.4 ஆனால் அதுவே 12 விழுக்காடாகிவிடும். அதாவது பிஎச் 7 உள்ள தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அம்மோனியா, இங்கே இருபது மடங்குக்கும் மேல் கொடியதாகிறது. 'நாலு மீன் விட்டுப் பாருங்கள், தானாகச் சரியாகிவிடும்' என்ற கடைக்காரர் அறிவுரை இந்தத் தொட்டிக்குச் சற்றும் பொருந்தாது.

மீன் இல்லாமலேயே நுண்ணுயிரை வளர்க்க, ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் தூய அம்மோனியம் குளோரைடு வாங்கிக்கொள்ள வேண்டும். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரமும் இதே பொருள்தான். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதன் தூய்மைக்கு உறுதி இல்லை. 600 லிட்டர் நீரில் நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கரைத்தால் அம்மோனியா லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் ஆகும். அது பூச்சியத்தை நெருங்கும்போதெல்லாம் மீண்டும் அதே அளவு சேர்க்க வேண்டும். முதலில் நைட்ரைட் ஏறும், பல நாட்கள் இறங்காமல் நிற்கும், பின்னர் இறங்கும். ஏற்கெனவே நோயின்றி ஓடிக்கொண்டிருக்கும் நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிச் செராமிக் வளையம் கிடைத்தால் காலம் பாதியாகக் குறையலாம். இரண்டு மில்லிகிராம் அம்மோனியா சேர்த்து 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூச்சியம் காட்டினால் தொட்டி தயார். நீரில் பாதிக்கு மேல் மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைத்த பிறகு மீனை அழைத்து வரலாம்.

மீன்களைத் தேர்ந்தெடுத்தல்

சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் வணிகத்தின் மையம். அங்கே ஆப்பிரிக்கச் சிக்லிட் என்று கலந்து விற்கும் குஞ்சுகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். ம்பூனா இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை. கலந்த குஞ்சுகளில் வளர்ந்த பிறகு எது சாந்தமானது, எது கொலைகாரன் என்று யாராலும் சொல்ல முடியாது. இனத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, தாய் மீன்களைக் காட்டக்கூடிய வளர்ப்பாளரிடம் வாங்குவதே சிறந்தது.

இத்தொட்டிக்கு மூன்று இனங்களைச் சொல்வேன். முதலாவது எலக்ட்ரிக் யெல்லோ அல்லது யெல்லோ லேப் என்று அழைக்கப்படும் லேபிடோக்ரோமிஸ் செருலியஸ். ஏரியின் மேற்குக் கரையில் லயன்ஸ் கோவ் பகுதியிலிருந்து வந்த மஞ்சள் வகை. ம்பூனாக்களில் மிகச் சாந்தமானவற்றுள் ஒன்று. இரண்டாவது, துருவும் ஊதாவும் கலந்த நிறமுடைய ரஸ்டி எனப்படும் அயோடோட்ரோஃபியஸ் ஸ்ப்ரெங்கரே. மூன்றாவது, தான்சானியக் கரையோரத்தின் சிறிய, கருநீலப் பட்டைகள் கொண்ட டெமசோனி. முதல் இரண்டில் எட்டெட்டும், டெமசோனியில் பதினைந்தும் வாங்கலாம். டெமசோனி தன் இனத்தையே துன்புறுத்தும் மீன். ஐந்தாறு மட்டும் இருந்தால் வலியது மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கொன்றுவிடும். பதினைந்து இருந்தால் துரத்தல் பலர் மீதும் பகிர்ந்துபோய் ஒருவருக்கும் பெருந்தீங்கு நேராது. ம்பூனாவை நெருக்கமாக வளர்ப்பதன் காரணம் இதுவே. ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருப்பது நல்லது. குஞ்சாக வாங்கும்போது பால் தெரியாது என்பதால், வளர்ந்த பின் மிகுதியான ஆண்களைப் பிரித்தெடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஔராட்டஸ், கென்யி என்னும் ம்பூனா இனங்கள் குஞ்சில் கண்ணைப் பறிக்கும் அழகுடையவை. வளர்ந்ததும் தொட்டி முழுவதையும் தமதென்று கொள்ளும். முதல் தொட்டியில் அவை வேண்டாம். பீக்காக் எனப்படும் ஔலோனோகாராவும் மலாவி மீனே எனினும், ம்பூனாவின் ஓயாத துரத்தலில் அது நிறமிழந்து ஒடுங்கும். ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர் ஆகியவற்றை இவற்றோடு சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

வாங்கிய மீன்களை இரண்டடித் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்து வெள்ளைப்புள்ளி, செதில் உதிர்வு, வயிறு ஒட்டல் ஆகியவை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அத்தனித் தொட்டியின் ஃபில்டருக்கும் முன்கூட்டியே நுண்ணுயிர் பழகியிருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பின்னர் எல்லா மீன்களையும் ஒரே நாளில், விளக்கை அணைத்துவிட்டுப் பெரிய தொட்டியில் விட வேண்டும். ஒரு கூட்டம் முன்னரே குடியேறிவிட்டால் பின்னர் வருபவற்றுக்கு அங்கே இடமில்லை என்றே அவை நடந்துகொள்ளும். அப்படிப் பின்னர் சேர்க்க நேர்ந்தால் கற்களின் அடுக்கைக் கலைத்து மாற்றிவிட்டுச் சேர்ப்பது ஓரளவு உதவும்.

உணவு, வாரப் பராமரிப்பு, கோடை

பாறைப் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்ந்த மீனுக்குக் குடல் நீளம். மாட்டு இதயம், டியூபிஃபெக்ஸ் புழு, கொழுப்பு மிகுந்த குருணை ஆகியவற்றைத் தொடர்ந்து கொடுத்தால் வயிறு உப்பி, உணவை மறுத்து, வெள்ளையான நூல்போன்ற கழிவோடு சாகும் மலாவி புளோட் நோய்க்கு வழி திறந்துவிடுகிறோம். ஸ்பைருலினா என்னும் நுண்பாசியை அடிப்படையாகக் கொண்ட உணவை நாளுக்கு இரண்டு முறை, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு கொடுத்தால் போதும். வெந்நீரில் முக்கிய பாலக்கீரை, தோலுரித்த பச்சைப் பட்டாணி ஆகியவற்றை வாரம் ஒருமுறை தரலாம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. கண்ணாடிக்கு அருகே வந்து அவை கெஞ்சுவதைப் பசி என்று நம்பிவிடக் கூடாது. விளக்கை எட்டு மணி நேரம் எரியவிட்டால் கற்களில் பச்சைப் பாசி படரும்; அதைத் தேய்த்துக் கழுவாமல் மீனுக்கே விட்டுவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை 200 லிட்டர் மாற்ற வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பதே அளவுகோல். தாண்டினால் மீன் குறைவாக இருக்க வேண்டும் அல்லது நீர் அதிகம் மாற வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் லிட்டர் என்பது சிறு அளவன்று. 2019 கோடையில் சென்னை பட்ட தண்ணீர்த் துன்பத்தை நினைவில் வைத்திருப்பவர், இவ்வளவு நீர் ஆண்டு முழுவதும் உறுதியாகக் கிடைக்குமா என்று பார்த்த பிறகே இத்தொட்டியைத் தொடங்க வேண்டும். எடுத்த நீர் தோட்டத்திற்கு நல்ல உரம். மாடித் தொட்டியின் நீரைப் பகலில் நேராக விடக் கூடாது. வெயிலில் அது கொதித்திருக்கும். விடியற்காலையில் டிரம்மில் பிடித்து, வெப்பம் ஒத்துவந்த பிறகு விட வேண்டும்.

சமவெளி ஊர்களில் ஹீட்டருக்கு வேலை குறைவு. உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் கட்டாயம். நமக்குக் கோடைதான் பகை. 24 முதல் 27 டிகிரி வரை இம்மீன்களுக்கு உகந்தது. 25 டிகிரி நீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் அது 7.3 ஆகக் குறைகிறது, அதே வேளையில் மீனின் தேவையோ கூடுகிறது. மூடியை எடுத்து வலையிட்டு, நீர்ப்பரப்பின் மீது ஒரு சிறு மின்விசிறியை வீசவிடுவது எளிய வழி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 600 லிட்டரின் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்பது கணக்கு. ஈரப்பதம் மிகுந்த கடலோரத்தில் நீர் ஆவியாவது குறைவு என்பதால் பலனும் சற்றுக் குறையும். அப்படிக் குறைந்த நீரை ஆர்.ஓ. நீரால்தான் நிரப்ப வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஐஸ் கட்டிகளைப் போட்டு ஏற்றி இறக்குவது மீனுக்கு வெப்பத்தைவிடக் கொடியது. மின்வெட்டுக்கு இன்வெர்டரில் ஒரு ஏர் பம்ப்பை இணைத்துவிட்டால் பல மணி நேரம் தாங்கும்.

ஆறேழு மாதத்தில் ஒரு பெண் மீன் தாடை புடைத்து, உணவை ஏறெடுத்தும் பாராமல் கல்லிடுக்கில் ஒதுங்கினால், அது முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கிறது என்று பொருள். ஏறத்தாழ மூன்று வாரத்தில் முழு உருவம் பெற்ற குஞ்சுகள் வெளிவரும். பெரும்பாலானவற்றை மற்ற மீன்கள் தின்றாலும் கல்லிடுக்குகளில் சில தப்பிப் பிழைக்கும், ஓராண்டில் தொட்டி நிறைந்துவிடும். மிகுந்தவற்றை ஏரியிலோ குளத்திலோ விடவே கூடாது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் வாயில் குஞ்சு காக்கும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான். அது நம் நீர்நிலைகளை எவ்வளவு வேகமாக நிறைத்தது என்பதை மீனவர்கள் அறிவார்கள். மிகுந்த குஞ்சுகளை வேறு வளர்ப்பாளருக்கோ கடைக்கோ கொடுக்கும்போது, ஒவ்வொரு பையிலும் இனத்தின் பெயரையும் தொட்டியில் உடன் இருந்த மற்ற இனங்களின் பெயர்களையும் எழுதிக் கொடுத்தால், வாங்குபவர் கலப்பை விலக்கித் தேர்ந்தெடுக்க முடியும்.